வெள்ளை படர்ந்த இலை: வெரிகேட்டட் மேப்பிள் நடுவதற்கு முன்

மூணாறு, தேவிகுளம் பக்கம் வீட்டு வாசலில் கொஞ்சம் இடம் இருந்தாலே ரோஜா, ஜெரேனியம், அசேலியா என்று எதையாவது வைத்துவிடுகிறோம். இந்தக் குளிருக்கு அவையும் நன்றாகவே வருகின்றன. அடுத்து ஆசை போவது மேப்பிள் மரத்தின் மேல். அதிலும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த இலையுள்ள மேப்பிள் படத்தை ஒருமுறை கைபேசியில் பார்த்துவிட்டால் போதும், நம் வாசலிலும் ஒன்று நிற்க வேண்டும் என்று தோன்றிவிடும். நர்சரிக்காரர்கள் இதை வெரிகேட்டட் மேப்பிள் என்பார்கள்.

என்ன மண், எவ்வளவு தண்ணீர் என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் நல்லது. இலையில் அந்த வெள்ளை எப்படி வந்தது? அது புரிந்தால், அரை நிழலில் வை, உரத்தைக் குறை, பச்சைக் கிளையை வெட்டு என்று சொல்வதற்கெல்லாம் காரணம் தானாகவே விளங்கிவிடும். புரியாமல் வளர்த்தால், நல்ல எண்ணத்தோடு போடுகிற உரமே இலையின் அழகைக் கெடுத்துவிடும்.

வாங்குவது மேப்பிள்தானா?

கனடா நாட்டுக் கொடியில் இருக்கிறதே, அந்த இலைக்குரிய மரம்தான் மேப்பிள். ஆனால் மேப்பிள் என்பது ஒரே மரம் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஜப்பான், சீனா, ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளைச் சேர்ந்தவை. நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் இயற்கையாக வளர்கின்றன.

அதன் உறவுக்காரச் செடிகளை நமக்கு நன்றாகவே தெரியும். தோசைக்கு அரைக்கிற முடக்கத்தான், நகை கழுவுகிற பூவந்திக்கொட்டை, கோட்டயம் பக்கம் வலை போட்டு மூடிக் காப்பாற்றுகிற ரம்புட்டான், லிச்சி எல்லாமே மேப்பிளோடு ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டவை. குடும்பம் ஒன்று என்றாலும் தாங்கும் தட்பவெப்பம் வேறு. ரம்புட்டானுக்குப் புழுக்கம் பிடிக்கும், மேப்பிளுக்குக் குளிர் வேண்டும்.

இலையின் வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கை விரித்தது மாதிரி இலையுள்ள செடிகள் நிறைய இருக்கின்றன. லிக்விடாம்பர் என்றொரு மரம் அச்சு அசலாக மேப்பிள் போலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிளையைப் பாருங்கள். மேப்பிளில் இலைகள் ஜோடி ஜோடியாக, ஒரே கணுவில் எதிரெதிரே வரும். லிக்விடாம்பரில் இந்தப் பக்கம் ஒன்று, கொஞ்சம் மேலே அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். இலை உதிர்ந்து மொட்டைக் குச்சியாக நின்றாலும் மொட்டுகள் இருக்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். காசு கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அந்த வெள்ளை

இலை பச்சையாக இருப்பதற்குக் காரணம் பச்சையம். சூரிய ஒளியைப் பிடித்துச் செடிக்குச் சர்க்கரை தயாரிக்க உதவுவதும் அதுதான். இலையில் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் பச்சையம் இல்லை. அங்கே யாரும் வெள்ளை நிறத்தைக் கொண்டுவந்து பூசவில்லை. பச்சை விட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பள்ளியில் அயோடின் சோதனை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வெயிலில் நின்ற இருநிற இலை ஒன்றைப் பறித்து, பச்சையம் போகும்வரை ஆல்கஹாலில் சூடாக்கி, அலசி, அயோடின் விடுவோம். முன்பு பச்சையாக இருந்த பகுதி மட்டும் கருநீலமாக மாறும். வெள்ளையாக இருந்த பகுதி அப்படியே கிடக்கும். மாவுச்சத்து உண்டானது எங்கே, உண்டாகாதது எங்கே என்று இலையே வரைபடம் போட்டுக் காட்டிவிடும்.

எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் நான்கு பேர் மட்டும் வேலைக்குப் போனால் எப்படியோ அப்படித்தான் இந்த மரத்தின் நிலைமையும். பச்சைப் பகுதி சம்பாதிப்பதை வெள்ளைப் பகுதியும் வேரும் தண்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதனால் வெரிகேட்டட் மரம் அதே இனத்துப் பச்சை மரத்தைவிட மெதுவாக வளரும், உயரமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சிறிய தோட்டம் வைத்திருப்பவருக்கு இது வசதிதான். ஆனால் நோயிலிருந்தோ வறட்சியிலிருந்தோ மீண்டு வருவதற்கான சேமிப்பு அதனிடம் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

ஒரு இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 'பட்டர்ஃப்ளை' என்ற ஜப்பானிய மேப்பிள் வகையின் இலை ஓரம் வெள்ளையாக இருக்கும். விரல் மாதிரி நீண்ட ஒவ்வொரு மடலும் நேராக நிற்காது; ஒன்று அரிவாள் போல வளைந்திருக்கும், ஒன்று சுருங்கியிருக்கும், ஒன்று ஒரு பக்கம் மெலிந்திருக்கும். முதல்முறை பார்க்கிறவர் பூச்சி கடித்துவிட்டதோ, மருந்தடிக்க வேண்டுமோ என்று பதறுவார். ஒன்றும் இல்லை. பச்சைத் திசு வேகமாக வளர்கிறது, வெள்ளைத் திசு பின்தங்குகிறது. ஒரே மடலில் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாகிவிட்டால், குட்டையான பக்கம் நோக்கி மடல் வளையத்தான் செய்யும். அந்தக் கோணல் அதன் இயல்பு.

இரு நிறமும் ஒரே மரத்தில் எப்படி?

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு கிளையின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், வளர்நுனி என்று ஒரு சிறு இடம் இருக்கிறது. புதிய இலையும் தண்டும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. அங்கே செல்கள் பெரும்பாலும் மூன்று அடுக்காக இருக்கும். மேலடுக்கு இலையின் தோலாகும். இரண்டாம் அடுக்கு இலையின் ஓரப் பகுதியைக் கட்டும். மூன்றாம் அடுக்கு பெரும்பாலும் இலையின் நடுப்பகுதிக்குப் போகும்.

எப்போதோ ஒரு செல்லில் தற்செயலாக ஒரு மாற்றம் நடந்து, பச்சையம் உண்டாக்கும் திறன் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செல் இரண்டாம் அடுக்கில் பெருகி, அந்த அடுக்கு முழுவதையும் பிடித்துக்கொண்டால், அந்த நுனியிலிருந்து வரும் இலைகளெல்லாம் ஓரம் வெள்ளையாகவும் நடு பச்சையாகவும் இருக்கும். ஒரே செடிக்குள் இரண்டு வகைச் செல்கள் குடியிருக்கின்றன. இப்படிப்பட்ட செடிக்குக் கைமேரா என்று பெயர். ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1907-இல் இந்தப் பெயரை வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, வெள்ளை ஓரமுள்ள ஜெரேனியத்தை ஆராய்ந்த எர்வின் பவுர், அடுக்குகளின் வேறுபாடுதான் இதற்குக் காரணம் என்று விளக்கினார். மூணாறில் ஜன்னலுக்கு ஜன்னல் வைத்திருக்கிறோமே, அதே ஜெரேனியம்தான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓரம் மஞ்சளாக இருக்கும் ஸ்நேக் பிளான்ட் ஒன்று பல வீடுகளில் உண்டு. அதன் இலையைத் துண்டாக வெட்டி மண்ணில் நட்டு வைத்தால் சில மாதங்களில் அடியிலிருந்து புதுக் கன்று வரும். ஆனால் அந்தக் கன்றில் மஞ்சள் ஓரம் இருக்காது. இலைத் துண்டு புதுக் கன்றைப் புதிதாகக் கட்டும்போது பழைய அடுக்கு வரிசை கலைந்துவிடுகிறது. அதே செடியைக் கிழங்கோடு பிரித்து நட்டால், வளர்நுனி அப்படியே வந்துவிடுவதால் மஞ்சள் ஓரமும் கூடவே வரும்.

வெரிகேட்டட் மேப்பிளை ஒட்டுக் கன்றாகவே பெரும்பாலும் விற்பதற்கும் இதுதான் காரணம். பச்சை மேப்பிள் நாற்றின் மேல், இருநிறக் கிளையின் மொட்டை ஒட்டவைக்கிறார்கள். அடுக்கு கலையாமல் மொட்டு அப்படியே வளர்கிறது.

விதை வாங்காதீர்கள்

அந்திமந்தாரை தெரியாதவர் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் பூக்கும், கறுப்பு மணி போல விதை விடும். அதிலும் இருநிற இலையுள்ள வகை உண்டு. ஒரே செடியில் ஒரு கிளை முழுப் பச்சையாகவும், ஒன்று முழு வெள்ளையாகவும், ஒன்று இரண்டும் கலந்தும் இருக்கும். கார்ல் கோரன்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் இந்தச் செடியை வைத்துத்தான் பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தார். பண்புகள் தலைமுறை தலைமுறையாக எப்படிப் போகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகளை 1900-இல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் இவரும் ஒருவர்.

1909-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: எந்தக் கிளையில் விதை விளைந்ததோ அந்தக் கிளையின் நிறமே கன்றுக்கு வரும். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் கணக்கில்லை. பச்சைக் கிளையின் விதை பச்சைக் கன்று தரும். வெள்ளைக் கிளையின் விதை முளைத்து வெள்ளையாகவே நின்று, விதையிலிருந்த உணவு தீர்ந்ததும் செத்துப்போகும். கலந்த கிளையின் விதையில் மூன்றும் வரும். பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகம் இந்தச் செடியில் தாய் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பது பிற்பாடு தெளிவானது.

எல்லாச் செடியிலும் இதே கணக்குத்தான் என்று சொல்ல முடியாது. ஜெரேனியத்தில் தந்தை வழியாகவும் பசுங்கணிகம் போகிறது. ஆனால் தோட்டக்காரருக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: ஓரம் வெள்ளையான ஒரு மரத்தின் விதையைப் போட்டால் அதே மாதிரி மரம் வரும் என்று நம்ப முடியாது.

இணையத்தில் 'வானவில் மேப்பிள் விதை', 'நீல மேப்பிள் விதை' என்று படம் போட்டு விற்கிறார்கள். நீல இலையுள்ள மேப்பிளே கிடையாது. உண்மையான மேப்பிள் விதையாகவே இருந்தாலும், பல இனங்களுக்கு ஈரமான மணலில் கலந்து மூன்று நான்கு மாதம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் முளைக்கும். முளைத்தாலும் பச்சை இலைதான் பெரும்பாலும். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆசையோடு காசு அனுப்புகிறவர்களை நினைத்தால். ஒட்டுக் கன்று விலை அதிகம். ஆனால் அதுதான் சரியான வழி.

நோயும் அழகாகும்

இலையில் நிறம் மாறியதெல்லாம் கைமேரா இல்லை. குரோட்டன், கலேடியம் போன்றவற்றின் கோலம் அவற்றின் மரபணுவிலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு செல்லும் ஒரே வகை; எந்த இடத்தில் எந்த நிறம் என்பதை மரபணுவே தீர்மானிக்கிறது.

இன்னொன்று வைரஸ். 'பூக்கும் மேப்பிள்' என்று விற்கப்படும் அபுடிலான், மேப்பிள் போன்ற இலையும் மணி போல் தொங்கும் ஆரஞ்சுப் பூவும் கொண்டது. உண்மையில் அது செம்பருத்திக் குடும்பம். அதில் இலை முழுக்க மஞ்சள் கட்டம் கட்டமாகத் தெளித்தது போல ஒரு வகை இருக்கிறது. அந்த மஞ்சள் வைரஸ் தொற்றினால் வந்தது. வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகுமே அந்த நோயும், கப்பையில், அதாவது மரவள்ளியில், வருகிற தேமல் நோயும் இதே பேரினத்தைச் சேர்ந்த வைரஸ்களால் வருபவைதான். மூன்றையும் பரப்புவது வெள்ளை ஈ. ஒரே வகைக் கிருமி ஓரிடத்தில் விளைச்சலைக் கெடுக்கிறது, இன்னோரிடத்தில் தோட்டத்துக்கு அழகாகிறது. அபுடிலான் வைத்தால் வெண்டைப் பாத்தியை விட்டுத் தள்ளியே வையுங்கள், அதன் வைரஸ் பக்கத்திலுள்ள வேறு செடிகளுக்கும் போகக்கூடும்.

மூன்றாவது, பசி. இரும்புச் சத்தோ மெக்னீசியமோ போதாவிட்டால் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறிப்போகும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு 'என் செடியும் வெரிகேட்டட் ஆகிவிட்டது' என்று சந்தோஷப்படுகிறார்கள். வித்தியாசம் காண்பது சுலபம். கைமேராவில் நிறம் மாறும் இடம் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக இருக்கும், ஓரிலைக்கு மறு இலை கோலம் கொஞ்சம் மாறும். சத்துக் குறைவில் பாதித்த இலைகளெல்லாம் ஒரே தினுசாக, மெல்ல மெல்ல வெளிறும். உரிய சத்தைக் கொடுத்தால் அடுத்து வரும் இலை பச்சையாகிவிடும்.

நம் மலையில் வருமா?

மேப்பிளுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். இலை உதிர்த்து, சில நூறு மணி நேரமாவது நல்ல குளிரில் மொட்டுகள் கிடந்தால்தான் அடுத்த வசந்தத்தில் எல்லா மொட்டும் ஒன்றாகத் திறக்கும். குளிர் போதாவிட்டால் சில மொட்டு திறக்கும், சில மொட்டு திறக்காது. மரம் அரைத்தூக்கத்தில் வருடக்கணக்கில் நின்று மெலியும். வெரிகேட்டட் மரத்துக்கு ஏற்கெனவே சேமிப்பு குறைவு என்பதால் இது இரட்டை அடி.

இதற்கு ஒரு உள்ளூர் அளவுகோல் இருக்கிறது. காந்தளூரில் ஆப்பிள், பிளம், பீச் காய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் குளிரில் உறங்கி எழும் மரங்கள்தான். உங்கள் ஊரில் பிளம் மரம் இலை உதிர்த்து, ஒழுங்காகப் பூத்து, காய்க்கிறது என்றால் மேப்பிளை முயன்று பார்க்கலாம். அது இல்லாத இடத்தில் மேப்பிளுக்குச் செலவழிக்காதீர்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலுள்ள மூணாறு, தேவிகுளம், காந்தளூர், வட்டவடைப் பகுதிகளில் வாய்ப்பு உண்டு. 900 மீட்டர் அளவிலுள்ள குமுளியில் கஷ்டம். கம்பம், போடி, செங்கோட்டை, பாலக்காடு எல்லாம் வேண்டவே வேண்டாம்.

மூணாறிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தை மாதத்தில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் இரவில் புல்மேல் உறைபனி படிகிறது, காலையில் வெயில் ஏறியதும் தேயிலை கருகுகிறது. இரவு உறைகிறது, பகல் இதமாக இருக்கிறது. அந்தப் பகல் வெயிலை நம்பி மேப்பிள் சில சமயம் முன்கூட்டியே துளிர்த்துவிடும். அப்போது உறைபனி விழுந்தால் இளந்துளிர் போச்சு. அதிலும் வெள்ளைப் பகுதி முதலில் கருகும். ஆகவே உறைபனி தேங்குகிற பள்ளத்தில் நடாமல், சரிவில் கொஞ்சம் மேலே நடுங்கள். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில்தான் போய்ப் படுக்கும்.

வகையைப் பொறுத்தவரை என் யோசனை இது. தரையில் நட வேண்டுமென்றால் 'ஃப்ளமிங்கோ'. இது வட அமெரிக்க பாக்ஸ் எல்டர் மேப்பிளின் இருநிற வகை. புதுத் துளிர் இளஞ்சிவப்பு, பிறகு வெள்ளையும் பச்சையுமாக மாறும். எது செய்தாலும் தாக்குப்பிடிக்கிற குணம். இதன் இலை மேப்பிள் இலை போலவே இருக்காது, ஒரு காம்பில் சில சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். தொட்டிக்கு 'பட்டர்ஃப்ளை' அல்லது வெள்ளைப் பொடி தூவியது போலிருக்கும் 'உகிகுமோ'. இரண்டும் ஜப்பானிய மேப்பிள், மெதுவாக வளரும், வெயிலுக்கு மிகவும் பயப்படும். ஐரோப்பிய நார்வே மேப்பிளில் 'டிரம்மண்டி' என்று அகலமான வெள்ளை ஓரமுள்ள வகை உண்டு. பார்க்கக் கம்பீரம், ஆனால் அடிக்கடி பச்சைக்குத் திரும்பிவிடும். இடமும் நிறைய வேண்டும். ஆரம்பத்திலேயே அது வேண்டாம்.

பாக்ஸ் எல்டர் ஐரோப்பாவில் பல இடங்களில் தானாகப் பரவித் தொல்லை கொடுத்திருக்கிறது. நம் சோலைக்காட்டையும் புல்வெளியையும் சீகை (வாட்டில்) மரம் எப்படி விழுங்கியது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். எனவே சோலையை ஒட்டிய நிலத்தில் எந்த மேப்பிளையும் நடாதீர்கள். வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடுவதும் பார்த்துக்கொள்வதும்

வெள்ளைத் திசுவுக்கு வெயிலைத் தாங்கும் வலு கிடையாது. பச்சையத்தோடு சேர்ந்திருக்கும் மஞ்சள் நிறமிகள் இலையை அதிக ஒளியிலிருந்து காக்கும் வேலையைச் செய்கின்றன. அவை இல்லாத இடம் மதிய வெயிலில் பழுப்பாகிக் காகிதம் போலக் காய்ந்துவிடும். கிழக்கு வெயில் படும் இடம், மதியத்துக்கு மேல் நிழல், இதுதான் சரி. தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரங்களின் சல்லடை நிழல் மேப்பிளுக்கு அருமையாக ஒத்துவரும். ரொம்ப அருகில் வேண்டாம், வேர்கள் தண்ணீருக்குப் போட்டி போடும். முழு இருட்டிலும் வைக்கக் கூடாது. இருக்கிற பாதிப் பச்சைக்காவது வெளிச்சம் கிடைக்க வேண்டுமல்லவா?

மண்ணைப் பற்றி இங்கே பெரிய கவலை இல்லை. மேப்பிள் சற்றுப் புளிப்பான மண்ணையே விரும்பும். தேயிலை மண் அதைவிடவும் புளிப்பு, எனவே புளிப்பைக் குறைக்கும் டாலமைட் பொடி ஒரு கைப்பிடி சேர்த்தால் போதும். கவனம் வைக்க வேண்டியது வடிகாலில். ஆடி மழையில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி மரம் போய்விடும். சரிவில்லாத இடமென்றால் மண்ணைக் கூட்டி மேடாக்கி, அதன் மேல் நடுங்கள். தென்மேற்குப் பருவமழை தணிந்த பின் செப்டம்பர் கடைசியில் நட்டால், குளிருக்கு முன் வேர் பிடித்துவிடும். ஒட்டுக் கட்டிய முடிச்சு கண்டிப்பாக மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

வேர் மேலாகவே ஓடும். அதனால் காய்ந்த இலை, மட்கிய மரத்தூள் எது கிடைத்தாலும் மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல். மாசி பங்குனியில் மழை இல்லாதபோது வாரம் இரண்டு மூன்று முறை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது வெள்ளை ஓரம்தான், பழுப்புக் கரை கட்டும். காற்று வேகமாக அடிக்கும் முகட்டிலும் இதே கரை வரும்.

உரம்: துளிர் வரும் சமயத்தில் கொஞ்சம் மட்கிய தொழுவுரம் போதும். தேயிலைக்குப் போடுகிற யூரியாவை இதற்கும் ஒரு கை போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். தழைச்சத்து அதிகமானால் மரம் வேகமாகத் துளிர்க்கும், வேகமான துளிரில் பச்சை ஜெயித்துவிடும்.

பச்சைக் கிளையை வெட்டுவது

இந்த மரத்தை வைத்திருப்பவர் செய்தே ஆக வேண்டிய வேலை இது. திடீரென்று ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகத் துளிர்க்கும். பக்கத்துக் கிளைகளைவிட நீளமாக, தடிமனாக, இலை பெரிதாக வரும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும். மரத்துக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று விட்டுவைத்தால் நான்கைந்து வருடத்தில் மரம் முழுதும் பச்சையாகிவிடும். காரணம் முன்பு சொன்னதுதான். பச்சைச் செல் ஒன்று அடுக்கு தாண்டி வெள்ளை அடுக்குக்குள் புகுந்துவிட்டது. அந்தக் கிளையில் எல்லோரும் சம்பாதிக்கிறவர்கள். வளர்ச்சியில் மற்ற கிளைகளால் அதோடு போட்டி போட முடியாது.

வெட்டும் முறை முக்கியம். நுனியைக் கிள்ளினால் அடியில் உள்ள மொட்டுகளும் பச்சையாகவே வரும். பச்சைக் கிளையை விரலால் தொட்டபடியே கீழே இறங்கி வாருங்கள். எந்த இடத்தில் அது இருநிறக் கிளையிலிருந்து பிரிகிறதோ, அங்கே, கொஞ்சமும் மிச்சம் வைக்காமல், கூரான கத்தரியால் வெட்டுங்கள். பச்சை தெரிந்த உடனே வெட்டினால் பென்சில் தடிமன்கூட இராது, காயம் சீக்கிரம் ஆறிவிடும். தேயிலையில் கவ்வாத்து வெட்டிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து வருகிற பச்சைத் துளிர் வேறு சமாச்சாரம். அது திரும்பிய கிளை இல்லை, அடிக்கன்றான பச்சை மேப்பிளின் சொந்தத் துளிர். அதையும் எடுக்க வேண்டும். இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்து இழுத்தால் அடிமொட்டோடு வந்துவிடும்.

முழு வெள்ளையாக வரும் துளிர்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றிரண்டு இருந்தால் அழகுக்கு விட்டுவைக்கலாம், அவை வெயிலில் தானாகவே கருகிப்போகும். நிறைய வந்தால் எடுத்துவிடுங்கள். மரத்தின் சாப்பாட்டை அவை தின்கின்றன, திரும்பக் கொடுப்பதில்லை.

வசந்தத்தில் இளஞ்சிவப்பாக இருந்த இலை வெயில் காலத்தில் வெறும் வெள்ளையாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். அந்தச் சிவப்பு இளந்துளிருக்கு மட்டும் உரியது. 'ஃப்ளமிங்கோ'வில் அது வேண்டுமென்றால், மரம் நன்றாக வேர் பிடித்த பிறகு, துளிர்ப்பதற்கு முன் கிளைகளை நன்றாகக் குறைத்து வெட்டிவிட்டால் நிறைய இளந்துளிர் வரும். ஜப்பானிய வகையில் இப்படி வெட்டாதீர்கள், தாங்காது.

கீழே கம்பத்திலும் பாலக்காட்டிலும் இருப்பவர்களுக்கு இதே அழகு வேறு செடியில் கிடைக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த இலையுள்ள செம்பருத்தி வகை அந்த வெயிலைத் தாங்கும், காலை வெயில் படும்படி வைத்தால் போதும். அதிலும் பச்சைக் கிளை வரும், அதையும் அடியோடு வெட்ட வேண்டும். குச்சி நட்டு வளர்ப்பதானால் நன்றாக நிறம் பிரிந்திருக்கும் கிளையிலிருந்தே போத்து எடுங்கள். பச்சைக் கிளையில் எடுத்த போத்து பச்சைச் செடியாகத்தான் வளரும்.